கண்ணாடிக்கு வெளியே ஒரு துணி: சென்னை அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



வீட்டுச் சன்னல்களுக்கான வெயில்மறைப்புத் துணியைத் தேர்ந்தெடுப்பது அந்தந்தக் குடும்பத்தின் அழகுணர்வையும் பணவசதியையும் பொறுத்த தனி விவகாரம் என்றே பெரும்பாலான சங்கங்கள் கருதிவருகின்றன. அதே சங்கங்களில் பல, கட்டடத்தின் முகப்பு ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற துணைவிதியைக் காட்டி, சன்னலுக்கு வெளியே எந்தத் துணியும் தொங்கக் கூடாதென்று தடுத்தும் வருகின்றன. ஒரு துணி எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்பதை அதன் நெசவும் நிறமும் கனமும் ஓரளவுக்கே முடிவு செய்கின்றன. அது கண்ணாடிக்கு உட்புறம் தொங்குகிறதா, வெளிப்புறம் தொங்குகிறதா என்பதே பெரும்பகுதியை முடிவு செய்கிறது. ஆகையால், வெளிப்புற வாய்ப்பு மறுக்கப்பட்ட நிலையில் துணி வாங்கப் புறப்படும் குடும்பம், கடைக்குள் நுழைவதற்கு முன்பே தனக்குக் கிடைக்கக்கூடிய பயனில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. அத்தடையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்பதும், அவ்வாறு அனுமதிக்கும்போது எத்தகைய துணியை எந்தச் சன்னலுக்கு அனுமதிப்பது என்பதற்கான அடிப்படைகளை எடுத்துரைப்பதும் இம்மடலின் நோக்கமாகும்.

தரையை வந்தடையும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு புற ஊதாக் கதிர்களாகவும், 43 விழுக்காடு கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகவும், எஞ்சிய பாதிக்கும் சற்று மேற்பட்ட பகுதி கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களாகவும் அமைந்துள்ளன. சாதாரண சன்னல் கண்ணாடி இவற்றில் புற ஊதாவின் ஒரு பகுதியை நீக்கி மற்றவற்றைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுகிறது. தெளிந்த ஒற்றைக் கண்ணாடியின் சூரிய வெப்ப ஏற்புக் குணகம், அதாவது அதன் மீது விழும் வெப்பத்தில் வீட்டுக்குள் சென்றுசேரும் பங்கு, 0.8-க்கும் மேல் இருக்கிறது. உள்ளே நுழைந்த கதிர்கள் தரையையும் கட்டிலையும் திரைச்சீலையையும் சூடாக்க, அப்பொருள்கள் தம் வெப்பத்தை நீண்ட அலைநீளம் கொண்ட கதிர்களாகத் திருப்பி உமிழ்கின்றன. அந்த நீண்ட அலைகளைக் கண்ணாடி வெளியே கடத்துவதில்லை. வந்த வழியே வெப்பம் திரும்ப முடியாத இந்நிலைதான், மாலை 7 மணிக்குப் பிறகும் மேற்கு அறை தணியாமல் இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் மற்றொன்று.

எண்ணளவில் பார்த்தால் இதன் கனம் விளங்கும். தெளிந்த வானமுள்ள கோடை நாளில், மாலை 4 மணியளவில், மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 600 வாட் ஆற்றல் விழுகிறது. நான்கடி அகலமும் ஐந்தடி உயரமும் கொண்ட ஒரு சன்னல் 1.8 சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. எனவே அதன் வழியே அறைக்குள் இறங்குவது சுமார் 850 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியை அறையின் நடுவே இடைவிடாமல் எரியவிடுவதற்கு ஈடான வெப்பம். ஒரு டன் குளிர்சாதனம் என்பது ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறனைக் குறிப்பதால், இத்தகைய இரண்டு சன்னல்கள் அத்திறனில் பாதியைத் தாமே விழுங்கிவிடுகின்றன. அந்தக் குளிர்சாதனம் வெளியேற்றும் வெப்பம் அடுத்த வீட்டுச் சன்னலருகே போய்ச் சேர்கிறது என்பதையும் சங்கங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதைத் தடுப்பதற்காகவே கட்டடங்களில் சன்ஷேடு அமைக்கப்படுகிறது என்று சிலர் கூறலாம். சென்னை வடக்கு அட்சரேகை 13 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அவ்வேளையில் சிறிய சன்ஷேடுகூட முழு நிழல் தரும். ஆனால் அதே ஏப்ரல் இறுதியில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 34 பாகை உயரத்துக்கும், 5 மணிக்கு 19 பாகை உயரத்துக்கும் இறங்கி, சுவருக்கு நேர் எதிரே நிற்கிறது. ஒன்றரை அடி நீட்டிய சன்ஷேடு 4 மணிக்குத் தனக்குக் கீழே ஓரடி நிழலையும், 5 மணிக்கு அரையடி நிழலையும் மட்டுமே தர முடியும் என்பது எளிய முக்கோணக் கணக்கு. ஐந்தடி சன்னலின் எஞ்சிய பகுதி முழுவதும் வெயிலுக்குத் திறந்தே கிடக்கிறது. தெற்குச் சன்னலின் நிலை வேறு; மார்கழியில்கூட நண்பகற் சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்பதால் அங்கே சன்ஷேடு தன் வேலையைப் பெருமளவு செய்துவிடும். வடக்குச் சன்னலுக்குச் சூன் மாதத்துக் காலையும் மாலையும் சாய்ந்து விழும் வெயிலைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. துணியின் தேவை முதன்மையாக மேற்குக்கும், அதற்கடுத்துக் கிழக்குக்கும் உரியது.

உட்புறத் திரைச்சீலை இவ்வெப்பத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, துணியின் மீது விழும் கதிர் மூன்று வழிகளில் பிரிகிறது என்பதை நினைவில் கொள்வது போதும்: ஒரு பகுதி துணியை ஊடுருவிச் செல்கிறது, ஒரு பகுதி திருப்பி எறியப்படுகிறது, எஞ்சியது துணியாலேயே உறிஞ்சப்பட்டு அதைச் சூடாக்குகிறது, இம்மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் நூறு. கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் துணி திருப்பி எறியும் பகுதி மட்டுமே மீண்டும் கண்ணாடி வழியே வெளியேறும் வாய்ப்பைப் பெறுகிறது. உறிஞ்சிய பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுவதால், அடர்நீலமோ கரும்பச்சையோ ஆன கனத்த திரை அறையை இருட்டாக்கினாலும் குளிர்விப்பதில்லை. அதன் பின்னால் சூடேறிய காற்று மேலே எழுந்து, திரையின் தலைப்பகுதி இடுக்கு வழியாக அறைக்குள் பரவிக்கொண்டே இருக்கிறது. இருட்டைக் குளிர்ச்சி என்று எண்ணிவிடும் இப்பிழை மிகப் பரவலானது. வீட்டுத்துணிக் கடைகளில் விற்பனையாளர்கள் கூறும் விளக்கங்களும் அதை வளர்க்கின்றன.

உள்ளே திரை தொங்கவிடுவதைத் தவிர வேறு வழியில்லாத வீடுகளுக்கும் ஒரு நல்ல வழி உண்டு. கண்ணாடியைப் பார்த்த முகம் வெண்மையாகவும் நெருக்கமான நெசவுடனும் இருந்தால், அறையைப் பார்த்த முகம் எந்த நிறத்தில் இருந்தாலும் திருப்பி எறியும் பங்கு கூடுகிறது. நடுத்தர நிறமுள்ள திரைக்கு வெள்ளை நெகிழிப் பின்புறம் கொடுத்தால் வெப்ப ஏற்பு 33 விழுக்காடு வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை தன் நுகர்வோர் வழிகாட்டுதலில் கூறுகிறது. நெகிழிப் பூச்சை விரும்பாதவர்கள், இருக்கும் திரைக்குப் பின்னால் வெள்ளை லாங்கிளாத் துணியைத் தனி அடுக்காகத் தைத்துக்கொள்ளலாம். பருத்தி துவைத்ததும் சுருங்குவதால், லாங்கிளாத்தை ஒருமுறை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும் என்பதைத் தையற்காரரிடம் முன்கூட்டியே கூறுவது நல்லது. திரையின் மொத்த அகலம் சன்னல் அகலத்தைப் போல இருமடங்கு இருக்கும்படி சுருக்கம் வைத்தால் மடிப்புகளிடையே வெயில் கசிவது குறையும். திரையின் இருபக்கமும் சுவரை ஒட்டியிருப்பதும், மேல்பகுதி கூரையை நெருங்கியிருப்பதும், முன்னர்க் கூறிய சூடேறிய காற்றின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும்.

‘பிளாக்அவுட்’ என்று விற்கப்படும் துணியைப் பற்றியும் தெளிவு தேவை. இது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியின் முதுகில் நுரை போன்ற அக்ரிலிக் பூச்சை வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மூன்று அடுக்காகத் தடவி ஆக்கப்படுவது. இன்னொரு வகையில் இரண்டு வண்ண நூல்களுக்கிடையே கறுப்பு நூல் மறைவாக நெய்யப்படுகிறது. முதல் வகையின் வெண்ணிறப் பூச்சு கண்ணாடியைப் பார்த்திருப்பதால் வெப்பத்தையும் ஓரளவு திருப்பும். இரண்டாவது வகை ஒளியை மறைப்பதில் வல்லதாயினும், வெளிமுகம் அடர்நிறமானால் வெப்பத்தில் பயன் குன்றும். பூச்சுத் துணிகளை முறுக்கிப் பிழிவதும் இயந்திரத்தில் சூடாக உலர்த்துவதும் பூச்சில் வெடிப்புகளை உண்டாக்கும். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கு இத்துணி இன்றியமையாதது. மற்றவர்கள் பகலில் விளக்கெரிக்கும் நிலைக்குத் தம்மைத் தள்ளிக்கொள்ளத் தேவையில்லை.

இனி வெளிப்புறத் துணி. கண்ணாடியைத் தொடும் முன்பே கதிரைத் தடுத்துவிடும் துணி, எவ்வளவு உறிஞ்சினாலும் அவ்வெப்பத்தை வெளிக்காற்றிடமே கொடுத்துவிடுகிறது. அதே அமெரிக்கத் துறை, சன்னலுக்கு வெளியே சாய்வாக நிற்கும் துணிக்கூரைகள் மேற்குச் சன்னல்களில் கோடை வெப்ப ஏற்பை 77 விழுக்காடு வரையும், தெற்குச் சன்னல்களில் 65 விழுக்காடு வரையும் குறைப்பதாகக் குறிப்பிடுகிறது. நாடும் தட்பவெப்பமும் வேறானாலும், கண்ணாடிக்கு இப்புறம் 33, அப்புறம் 77 என்ற இடைவெளிக்குக் காரணமான இயற்பியல் எங்கும் ஒன்றே. ஒரு சன்னலுக்கு மிக விலையுயர்ந்த உட்புறத் திரையைவிட, அதே சன்னலின் வெளியே கட்டிய எளிய துணி கூடுதல் பயன் தருவது இக்காரணத்தாலேயே.

வெளிப்புறத்துக்கென உருவாக்கப்படும் துணிகளில் மூன்று வகைகள் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கின்றன. முதலாவது, பாலியெஸ்டர் அல்லது கண்ணாடியிழை நூலுக்குப் பி.வி.சி. பூசி நெய்த ‘ஸ்கிரீன்’ துணி. இதன் நெசவில் சீரான சிறு கண்கள் விடப்படுகின்றன. துணியின் மொத்தப் பரப்பில் அக்கண்களின் பங்கே திறப்பு விகிதம் எனப்படுகிறது. 1, 3, 5, 10 விழுக்காடு என்பவை வழக்கமான அளவுகள். மேற்கு வெயிலுக்கு 3 அல்லது 5 பொருந்தும். 10 விழுக்காட்டுத் துணி வழியே தாழ்ந்த சூரியனின் கூச்சம் கண்ணைத் தாக்கும், 1 விழுக்காட்டில் காற்றோட்டம் பெயரளவுக்கே இருக்கும். இரண்டாவது, நிறமியை இழை உருவாகும் முன்பே கரைசலில் கலந்து உருவாக்கிய அக்ரிலிக் துணி; நிறம் இழையின் மேற்பரப்பில் மட்டுமன்றி உள்முழுவதும் ஊறியிருப்பதால் பல ஆண்டு வெயிலிலும் வெளுப்பது மிகக் குறைவு. இதன் விலை மற்றவற்றைவிடக் கூடுதல். மூன்றாவது, நாற்றங்கால்களிலும் மொட்டைமாடித் தோட்டங்களிலும் காணப்படும் நிழல்வலை. அடர்பாலித்தீனால் ஆன இவ்வலை 35, 50, 75, 90 விழுக்காடு நிழல் என்ற அளவுகளில் விற்கப்படுகிறது. விலை மிகக் குறைவு என்பதால் வாடகை வீட்டினரும் வாங்க முடியும். ஆயினும் புற ஊதாத் தாங்குபொருள் கலக்காத மலிவு வலை ஓரிரு கோடைகளில் நொறுங்கித் துகள்களாக உதிர்ந்து கீழ்வீடுகளின் மாடங்களில் விழும் என்பதால், தாங்குபொருள் கலந்ததற்கான உறுதியை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுவதைச் சங்கங்கள் நிபந்தனையாக்கலாம். பச்சை வலை அறைக்குள் பச்சை ஒளியைப் பரப்பி, உணவின் நிறத்தையும் முகத்தின் நிறத்தையும் திரிக்கும். வீட்டுச் சன்னலுக்குக் கறுப்பு அல்லது சாம்பல் நிற வலையே ஏற்றது.

நிறம் பற்றிய பொதுநம்பிக்கை வெளிப்புறத்தில் தலைகீழாகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. வெள்ளைதான் குளிர்ச்சி என்ற நம்பிக்கை உட்புறத்துக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் 5 விழுக்காட்டுத் திறப்புள்ள ஸ்கிரீன் துணிகளை எடுத்துக்கொண்டால், வெள்ளை நூல் கதிரைத் தன் உடலின் ஊடாகவே சிதறடித்து உள்ளே அனுப்புவதால் அதன் ஊடுருவல் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டுகிறது. கரும்பழுப்பு அல்லது கரிநிறத் துணியில் அது திறப்பின் அளவான 5 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. எஞ்சியதைக் கருந்துணி உறிஞ்சிச் சூடானாலும், அச்சூடு கண்ணாடிக்கு வெளியே வீசும் காற்றில் கலந்துபோகிறது. மேலும், வெண்துணி வெயிலில் ஒளிர்ந்து கண்ணைக் கூசச்செய்து வெளிக்காட்சியை மங்கலாக்க, கருந்துணி வழியே தெருவும் மரமும் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே வெளியே அடர்நிறம், உள்ளே கண்ணாடியை நோக்கிய வெண்மை என்பது தேர்வின் அடிப்படை ஆகிறது. துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கு விரற்கடைக்குக் குறையாத இடைவெளி இருந்தால்தான் சூடான காற்று மேலெழுந்து விலகும். கருந்துணி கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தால் இந்த வாதம் செல்லாது. இரவில் உள்ளே விளக்கெரியும்போது ஸ்கிரீன் துணி எதையும் மறைக்காது என்பதால், அந்தரங்கத்துக்கு உள்ளே ஒரு மெல்லிய திரை எப்போதும் தேவைப்படும்.

துணியின் ஊடுருவலையும் திருப்புதலையும் கண்ணால் பார்த்துக் கணிப்பது இயலாது. சூரிய வெப்பத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் இருப்பதே அதற்குக் காரணம். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஊடுருவல், திருப்புதல், உறிஞ்சுதல் ஆகிய மூன்று எண்களையும் அட்டவணையாகத் தருகிறார்கள். அவ்வெண்களைக் கேட்டுப் பெறுவதும், தராதவரிடம் வாங்காமல் இருப்பதும் வாங்குவோரின் உரிமை. ‘90 விழுக்காடு புற ஊதாத் தடுப்பு’ என்ற விளம்பரச் சொற்றொடர் வெப்பத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் கூறவில்லை, ஏனெனில் புற ஊதா என்பது மொத்த ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே.

காற்றைப் பற்றிய கவலையும் நியாயமானது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழைகிறது. அவ்வேளையில் கிழக்குச் சன்னலுக்கு வெயில் இல்லை, எனவே அங்கே காலை 10 மணி வரை மறைத்துப் பின்னர் முழுவதும் சுருட்டிவிடக்கூடிய மெல்லிய பருத்தித் திரையே பொருத்தமானது. மேற்குச் சன்னலோ அதே நேரத்தில் வெயிலின் வாயிலாகவும் காற்று வெளியேறும் வழியாகவும் இருப்பதால், கண்ணுள்ள துணியை வெளியே இறக்கி, கண்ணாடியைச் சிறிது திறந்துவைப்பது இரண்டையும் நிறைவு செய்யும். கரூரிலும் சென்னிமலையிலும் நெய்யப்படும் பருத்தித் துணிகளுக்குக் கிழக்குச் சன்னல் நல்ல இடம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் குறிப்பது. கிழக்குக்கு 120 முதல் 150 வரையிலான எடை போதும், 200-க்கு மேற்பட்ட கனம் அங்கே காற்றைத் தடுப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது.

மரபான பொருள்களையும் இங்கே மதிப்பிட வேண்டும். மூங்கில் தட்டி, கோரைத் தட்டி, வெட்டிவேர்த் தட்டி ஆகியவை தாழ்வாரத்துக்கு வெளியே தொங்கியவை. கண்ணாடியே இல்லாத காலத்து வீடுகளில்கூட வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தும் அறிவு நடைமுறையில் இருந்தது. மூங்கில் தட்டி இன்றும் சிறந்த வெளித்திரை. ஆண்டுக்கொருமுறை கரையான்தடுப்பு எண்ணெய் பூசிப் பேணினால் பல கோடைகளுக்கு உழைக்கும். வெட்டிவேர்த் தட்டியில் தெளிக்கும் நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட சித்திரை வெயிலில் அது மிகப் பயன்படும், கடற்காற்று நுழைந்து ஈரப்பதம் ஏறிய சென்னை மாலையில் நீர் ஆவியாக மறுப்பதால் மணம் மட்டுமே மிஞ்சும். பழைய பட்டுச்சேலைகளைத் திரையாக்கும் வழக்கம் அண்மையில் பெருகியுள்ளது. பட்டு இழை வெயிலில் வலுவிழந்து மடிப்புகளில் கிழிந்துவிடும் தன்மையுடையது. தாயாரின் கூறைப்புடவையை மேற்குச் சன்னலில் தொங்கவிடுவது அதை இழப்பதற்கே வழி.

சாயம் வெளுப்பதை அளக்கவும் ஒரு முறை உண்டு. நீலச் சாயம் ஏற்றிய எட்டுக் கம்பளித் துண்டுகளுடன் ஒப்பிட்டு, 1 முதல் 8 வரை ஒளித்தாங்கு மதிப்பு வழங்கப்படுகிறது. 8 மிக உறுதியானது. உட்புறத் திரைக்கு 5 அல்லது 6, வெளிப்புறத் துணிக்கு 7 அல்லது 8 என்று கேட்பது நியாயமான எதிர்பார்ப்பு. பருத்தியில், கைத்தறியாளர்கள் ‘வாட்’ சாயம் என்று அழைக்கும் வகை வெயிலைப் பெரும்பாலும் நன்கு தாங்கும். இயற்கைச் சாயங்களில் அவுரி நிலைக்கும், மஞ்சள் சில வாரங்களிலேயே மறைந்துபோகும்.

சங்கங்கள் எழுப்பும் எதிர்வாதங்களில் முதலாவது முகப்பின் தோற்றம். புறாக்களைத் தடுக்கும் வலையும், குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியும், அதன் வடிகுழாயும், துணி உலர்த்தும் கம்பிகளும் ஏற்கெனவே முகப்பில் இடம்பெற்றுவிட்டன. அவை அனைத்தும் தேவை கருதி அனுமதிக்கப்பட்டவை. வெயில் மறைப்பும் அத்தகைய தேவையே. பகல் முழுவதும் வீட்டில் இருப்போர் பெரும்பாலும் முதியோரும் குழந்தைகளும் நோயுற்றோரும் வீட்டிலிருந்தே பணிபுரிவோரும் என்பதால், முகப்பின் ஒழுங்கை அவர்களின் உடல்நலத்துக்கு மேலாக வைப்பதை எந்தப் பொதுக்குழுவும் மனமறிந்து ஏற்காது என்று நம்ப இடமுண்டு. தோற்ற ஒழுங்கு வேண்டுமானால், தடைக்கு மாற்றாக ஒரே துணி, ஒரே நிறம், ஒரே வகைச் சுருட்டுகருவி என்று சங்கமே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டால் ஒழுங்கும் நிழலும் ஒருங்கே கிடைக்கும். மொத்தமாக ஒரே முறையில் வாங்கும்போது ஒரே சாயத்தொகுதித் துணி கிடைப்பதால் வீட்டுக்கு வீடு நிறம் மாறுபடாது, விலையும் குறையும்.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. இது முழு மதிப்புக்குரியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடங்களில் கட்டிவைத்தவை எல்லாம் பறந்ததை நகரம் மறந்திருக்காது. ஆகையால் வெளியே கட்டும் எந்தத் துணியும் நிலையாகப் பொருத்தப்பட்டதாக இல்லாமல், சுருட்டி ஏற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்; வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் அனைத்து வீடுகளிலும் அவை சுருட்டப்பட்டுவிட்டனவா என்று சங்கம் பார்வையிட வேண்டும். கீழ்விளிம்பின் குழாய் இருபுறமும் கம்பியாலோ பக்கச்சட்டத்தாலோ பிணைக்கப்பட்டிருந்தால் சாதாரணக் காற்றில் ஆடி மோதாது. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு ஆணிகள் துருப்பிடித்துச் சுவரைக் கறைப்படுத்துவதால் துருவேறா எஃகையே பயன்படுத்த வேண்டும். தீயைப் பொறுத்தவரை, பாலித்தீன் வலையும் பாலியெஸ்டரும் உருகிச் சொட்டி எரியக்கூடியவை. தீத்தடுப்புச் சான்று பெற்ற ஸ்கிரீன் துணியையே உயர்மாடிகளில் அனுமதிப்பதும், தீபாவளி மாலையில் எல்லா வெளித்திரைகளையும் சுருட்டிவிடுமாறு அறிவிப்பதும் தவிர்க்கக் கூடாதவை. குழந்தைகள் உள்ள வீடுகளில் தொங்கும் இழுகயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கயிற்றைக் கைக்கெட்டா உயரத்தில் சுவரோடு இறுக்கிக் கட்டும் கொக்கி கட்டாயமாக்கப்பட வேண்டும்.

அரசின் விதிமுறைகள் இத்திசையிலேயே நகர்கின்றன. 2018-இல் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட நெறி, சுவரும் சன்னலும் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்சவரம்பை வகுத்து, அதைக் கணக்கிடும்போது நிலையான வெளிமறைப்புகளுக்கு மதிப்பளிக்கிறது. அந்நெறி புதிதாகக் கட்டப்படுவனவற்றை நோக்கியது. அதற்கு முன்பு எழுந்த ஆயிரக்கணக்கான கட்டடங்களில் சுவரை இடித்து நிழல் அமைக்க இயலாது. அங்கே துணி ஒன்றே நடைமுறைக்கு உகந்த வழி.

எனவே சங்கங்களின் செயற்குழுக்கள் இரண்டு செயல்களை மேற்கொள்ள வேண்டுமென இம்மடல் வேண்டுகிறது. முதலாவதாக, தைப் பொங்கலுக்கு முன்னரே, ஒரே மாடியில் ஒரே அளவில் மேற்கு நோக்கிய இரண்டு வீடுகளைத் தேர்ந்து, ஒன்றின் சன்னலுக்கு வெளியே கரும்பழுப்பு நிற 5 விழுக்காட்டு ஸ்கிரீன் துணியையும், மற்றொன்றின் சன்னலுக்கு உள்ளே வெண்பின்புறத் திரையையும் பொருத்தி, குளிர்சாதனத்தை இயக்காமல், பகல் 2 முதல் இரவு 8 மணி வரை அறைவெப்பத்தை ஒரு வாரம் குறித்துவைக்கலாம். சாதாரண வெப்பமானியே இதற்குப் போதும், வெயிலோ சூடான திரையோ நேராகப் படாதபடி அறையின் உட்சுவரில் மாட்டினால் சரி. இரண்டாவதாக, அக்குறிப்பைப் பொதுக்குழுவின் முன் வைத்து, வெளித்திரைக்கான துணி, நிறம், பொருத்தும் முறை, சுருட்டும் காலம் ஆகியவற்றைத் துணைவிதியில் சேர்க்கும் தீர்மானத்தை நிறைவேற்றலாம். வாடகைக் குடியிருப்போருக்கு அத்தீர்மானத்தின் பயன் கிடைக்க வேண்டுமானால், வீட்டு உரிமையாளரின் தனி ஒப்புதல் தேவையில்லை என்ற வரியும், வீட்டைக் காலிசெய்யும்போது துணியைக் கழற்றிச் செல்லலாம் என்ற வரியும் அதில் இடம்பெற வேண்டும். துணி வாங்கவும் தைக்கவும் பொருத்தவும் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், கத்திரி வெயில் தொடங்கும் மே மாத முதல் வாரத்துக்குள் திரைகள் இறங்க வேண்டுமானால், தைப் பொங்கலை ஒட்டி நடைபெறும் பொதுக்குழுவிலேயே இப்பொருள் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும்.